காலி கொடுத்தால்தான் புதியது

பேருந்து நிலையத்தில் மைக் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. முகத்தைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. விசாரணை அறையின் பக்கவாட்டில் இரும்புப் படி ஏறிப் போனால் ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு மேசை, ஒரு மைக். பதினான்கு வருடங்களாக அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது இன்றைக்கு வரவே வராது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் காய்கறிக் கடையில் "கால் கிலோ போடுங்க" என்று அவர் கேட்டதும், பக்கத்தில் நின்ற ஆள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடத் தயாரானாராம்.

அதற்கு முன் அவர் சாமான் அறையில் ரசீது கிழித்துக்கொண்டிருந்தார். பழைய அறிவிப்பாளர் வேறு வேலை கிடைத்துப் போய்விட, மாற்று ஆள் வரும்வரை இரண்டே நாளைக்கு என்று சொல்லி மேலே அனுப்பினார்கள். மாற்று ஆள் இன்னும் வரவில்லை.

குரலில் குறையில்லை. குறை மூச்சில். சின்ன வயதிலிருந்தே வீசிங். ஜன்னலுக்கு நேர் கீழே முப்பது வண்டிகள் இன்ஜினை அணைக்காமல் நிற்கும். புகை நேராக மேலே வரும். ஜன்னலை மூடலாம்; மூடினால் வண்டி தெரியாது. வண்டி தெரியாமல் என்ன அறிவிப்பது? ஆகவே ஜன்னல் திறந்தே இருக்கும், அக்காவுக்கு நெஞ்சு அடைத்தே இருக்கும்.

மலிவான வெள்ளை மாத்திரை ஒன்று எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும். போட்டால் மூச்சு கொஞ்சம் திறக்கும், கூடவே கை நடுங்கும், இதயம் தறிகெட்டு ஓடும். மாத்திரை போட்ட அரைமணி நேரத்துக்குத் தேநீர்க் குவளை தட்டின் மேல் ஆடும் கிடுகிடு சத்தம் மைக் வழியாக ஊருக்கே கேட்கும். "அக்கா மாத்திரை போட்டாச்சு, இனிமே சரியா சொல்லும்" என்று கண்டக்டர்கள் கீழே பேசிக்கொள்வார்கள்.

சென்ற வருடம் மாத்திரை போட்டும் சரியாகச் சொல்ல முடியாமல் போனது. நீண்டதூர வண்டி ஒன்றுக்கு இருபத்திரண்டு நிறுத்தங்கள். ஒன்பதாவது நிறுத்தத்தில் மூச்சு நின்றது. மைக் திறந்தே இருந்தது. அரை நிமிடம் ஊர் முழுக்க ஊதுகுழல் போன்ற ஒரு சத்தம். பாதிப் பயணிகள் வண்டி ஒன்பதாவது நிறுத்தத்தோடு திரும்பிவிடும் என்று நினைத்து இறங்கிவிட்டார்கள். இது மூன்றாவது முறை.

நிலைய மேலாளர் மேலே ஏறி வந்தார். நல்ல மனிதர், ஆனால் மேலாளர்.

"இதப் பாரும்மா, உன்னை வேலையை விட்டுத் தூக்கணும்னு எனக்கு ஆசையில்லை. அடுத்த அஞ்சாறு மாசம் பார்ப்பேன். வருஷக் கடைசிக்குள்ள இந்த இழுப்பு நிக்கலைன்னா உன்னைக் கீழே மாத்திடுவேன்."

"கீழேன்னா எங்க சார்?"

"கழிப்பறை டோக்கன் கவுண்டர். அங்க பேசவே வேண்டாம். வர்றவன் அவசரத்துல வருவான், டோக்கனை வாங்கிட்டு ஓடிடுவான்."

மைக் அக்கா அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. டோக்கன் கொடுப்பது கேவலம் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் பதினான்கு வருடம் ஊரையே அனுப்பிவைத்தவர் இனி ஊரைக் கழிப்பறைக்கு அனுப்பிவைப்பதா என்று கேட்டார். அவருடைய கணவர் கையில் இருந்த டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்தார். பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் பஞ்சர் கடை வைத்திருப்பவர். காற்று சம்பந்தமான எல்லா விஷயத்திலும் தனக்கு ஞானம் உண்டு என்பது அவர் நம்பிக்கை.

"உனக்குக் காத்து உள்ள போகுது, வெளிய வரலை. வால்வுதான் பிரச்சனை" என்றார் கடைசியில்.

"வால்வை மாத்துங்களேன் பார்ப்போம்."

அவருக்குத் தேவை என்னவென்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். பழுப்பு நிற இன்ஹேலர். ஊரில் எல்லாரும் அதை மூச்சு பம்ப் என்பார்கள். காலையில் ஒரு இழுப்பு, மாலையில் ஒரு இழுப்பு; தினமும் விடாமல் எடுத்தால் மூச்சு அடைப்பதே குறையும். ஒரு பம்ப் மூன்று மாதம் வரும். தனியார் மருந்துக் கடையில் அதன் விலை மைக் அக்காவின் ஒன்பது நாள் சம்பளம். அரசு மருந்தகத்தில் இலவசம். இலவசத்தில் ஒரே ஒரு சிக்கல்.

மருந்தகம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் வந்துவிடும். பல வருடங்களுக்கு முன் எங்கோ யாரோ இலவச பம்ப்புகளை வெளியே விற்றுவிட்டார்கள். அதற்காக ஒரு சுற்றறிக்கை வந்தது: காலி கொடுத்தால்தான் புதியது. நோயாளி தன் காலிக் குப்பியைக் கொண்டுவர வேண்டும். மருந்தகம் அந்தக் காலிகளை எண்ணித் தலைமைக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். கிடங்கு எத்தனை காலி வந்ததோ அத்தனை புதியது அனுப்பும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. முதல் பம்ப்பை வாங்காதவனிடம் காலி எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

சுற்றறிக்கை வந்த நாளில் ஊரில் பதினான்கு பம்ப்புகள் புழக்கத்தில் இருந்தன. அன்றிலிருந்து பதினான்குதான் ஊரின் பங்கு. பிறகு அதுவும் குறைந்தது. ஒன்று ஆற்றில் விழுந்தது. ஒன்றைக் குழந்தை விசில் என்று நினைத்து எடுத்துப்போய்ப் பள்ளிக்கூடத்தில் தொலைத்தது. மூன்றாவதின் சொந்தக்காரர் இறந்தபோது, "அங்க போய் மூச்சு முட்டினா என்ன பண்ணுவார்" என்று அவர் மனைவி அதைக் கையில் வைத்தே அனுப்பிவிட்டார். காலி திரும்பவில்லை. ஆக, பதினொன்று. அந்தப் பதினொரு பேரை ஊரில் பதினொருவர் என்றே சொல்வார்கள். கல்யாணப் பேச்சில்கூட "எங்க மாமா பதினொருவர்ல ஒருத்தர்" என்று சொன்னால் எதிர்த் தரப்பு நிமிர்ந்து உட்காரும்.

மற்றவர்களுக்கு மருந்தாளுநர் ஒரு காத்திருப்போர் பதிவேடு திறந்திருந்தார். ஒல்லியான, பயந்த சுபாவமுள்ள, ஒரு புள்ளியைக்கூட அடித்துத் திருத்தாத மனிதர். பதிவேட்டில் அவர் பெயர் எழுதுவதில்லை. பெயர் எழுதினால் கூப்பிடும்போது பத்துப் பேர் வந்து நிற்கிறார்கள். தொழிலையும் இடத்தையும் எழுதினால் ஒருவர்தான் வருகிறார் என்பது அவர் அனுபவம். "பூட்டு ரிப்பேர், கிழக்கு வாசல்." "முட்டை மொத்த வியாபாரம், சந்து முனை." டாக்டர் சீட்டு கொண்டுவந்தால் எண் போட்டு எழுதிக்கொள்வார். நூற்று ஐம்பத்திரண்டு பேர். மைக் அக்கா எண்பத்து நான்கு. முதல் எண் பழைய இரும்புக் கடைக்காரம்மா; துருவும் தூசியும் சுவாசித்து நெஞ்சு கெட்டவர். இரண்டு வருடமாக முதல் ஆள்.

"முதல் ஆளா இருக்கறதுல என்ன பெருமை இருக்கு தெரியுமா? பின்னாடி இருக்கற நூத்தி ஐம்பது பேரும் என்னைப் பார்த்து 'எப்ப நகருவே'ன்னு கேக்கறான்" என்பார் அவர்.

காலிப் பெட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேருந்து பார்சலாகக் கிடங்குக்குப் போகும். பார்சல் ஏற்றும் வண்டியை அறிவிப்பது மைக் அக்கா. அந்த முறை மருந்தாளுநரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார், எந்த மேடை என்று கேட்க. அக்கா பெட்டியை வாங்கி ஆட்டிப் பார்த்தார். உள்ளே சில்லறைபோலச் சத்தம்.

"பதினொண்ணா தம்பி?"

"பதினொண்ணுதான்க்கா."

"அங்க இதை என்ன பண்ணுவாங்க? யாருது, எந்த ஊருதுன்னு பார்ப்பாங்களா?"

"எண்ணுவாங்க. எண்ணி ரசீது போடுவாங்க. அவ்வளவுதான்."

அவர் போன பிறகும் அக்கா அந்த வாக்கியத்தை மென்றுகொண்டிருந்தார். எண்ணுவாங்க. அவ்வளவுதான். ஐந்து நாட்கள் கழித்துப் பழைய இரும்புக் கடைக்கு, கணவர் கடையில் பழுதாகிக் கிடந்த, டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் ஒன்றைப் போடப் போனபோது, மூலையில் ஒரு சாக்கு. அதன் வாய்வழியாகச் சின்னச் சின்ன அலுமினியக் குப்பிகள் எட்டிப் பார்த்தன.

"இதென்னக்கா?"

"பெரிய ஆஸ்பத்திரிக் குப்பை. காசு குடுத்து வாங்கி உறிஞ்சிட்டுத் தூக்கிப் போட்டது. நசுக்கி எடைக்குப் போடணும், நேரமில்லை."

மைக் அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்தார். அதே அளவு, அதே வடிவம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய இரும்புக் கடைக்காரம்மா மெதுவாக எழுந்து கடைக் கதவைப் பாதி சாத்தினார்.

"நசுக்கலையே?" என்றார் மைக் அக்கா.

"ஒண்ணைக்கூட இனிமே நசுக்க மாட்டேன்."

மருந்தாளுநரைச் சம்மதிக்க வைக்கத்தான் மூன்று மாதம் ஆயிற்று. முதலில் அவர் காதைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது முறை சுற்றறிக்கையை எடுத்துவந்து வரிவரியாகப் படித்துக் காட்டினார். படிக்கப் படிக்க அவர் குரல் தாழ்ந்தது.

"'காலிக் குப்பிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப'ன்னுதான் போட்டிருக்கு."

"யாரோட காலின்னு போட்டிருக்கா?"

"இல்லை."

"அப்புறம் என்ன தம்பி?"

"போடாததும் விதிதான்க்கா" என்றார். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகவில்லை. பதிவேட்டை எடுத்து நூற்று ஐம்பத்திரண்டு பேரில் ஒருவர்கூடப் போலி இல்லை என்று டாக்டர் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். காலாண்டுக் கடைசியில் நூற்று அறுபத்து மூன்று குப்பிகள் கொண்ட பெட்டி கிளம்பியது. பதினொன்று சொந்தம், நூற்று ஐம்பத்திரண்டு இரவல். "ஒண்ணுகூட அதிகமில்லை, ஒண்ணுகூடக் குறைவில்லை" என்று மருந்தாளுநர் மூன்று முறை சொன்னார். மைக் அக்கா அந்த வண்டியை மேடை எண்ணோடு இரண்டு முறை அறிவித்தார், வழக்கமாக ஒருமுறைதான்.

நான்காவது நாள் ரசீது வந்தது. பெறப்பட்டது: 163. முத்திரை, கையெழுத்து. பத்தாவது நாள் ஆள் வந்தார்.

கிடங்கு அதிகாரி காலை வண்டியில் இறங்கி, நேராக மருந்தகத்துக்குப் போய், கோப்பை மேசைமேல் வைத்து, மருந்தாளுநரை உட்காரச் சொன்னார். அது மருந்தாளுநருடைய நாற்காலிதான் என்றாலும் அவர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மைக் அக்கா அந்தக் காலை வண்டியை அறிவித்த கையோடு ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்து, நோயாளிகள் பெஞ்சில் நோயாளியாகவே உட்கார்ந்திருந்தார். அதற்கு நடிக்க வேண்டியதில்லை.

"பதினொண்ணு குடுத்தோம். நூத்தி அறுபத்து மூணு காலி வந்திருக்கு. எப்படி?"

"வந்துச்சு சார்."

"அதான் எப்படின்னு கேக்கறேன். பம்ப்பை வெளியே வித்திருந்தா காலி குறையும். குறைஞ்சா விசாரணைப் படிவம் இருக்கு, பிடித்தம் இருக்கு, எல்லாம் இருக்கு. உங்களுக்குக் கூடியிருக்கு. கூடினா என்ன பண்றதுன்னு எங்கேயுமே இல்லையே."

"கூடினது தப்பா சார்?"

"தப்புன்னு எழுதறதுக்கும் கட்டம் இல்லை. சரின்னு எழுதறதுக்கும் கட்டம் இல்லை" என்றார் அதிகாரி. அவர் முகத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் தெரிந்தது. "யார் உறிஞ்சின காலி இதெல்லாம்?"

பெஞ்சிலிருந்து மைக் அக்கா சொன்னார்: "வாங்க முடிஞ்சவங்க உறிஞ்சினது சார். வாங்க முடியாதவங்க பேரு அந்தப் பதிவேட்டுல இருக்கு."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே."

"காலையில நீங்க வந்த வண்டி இருபது நிமிஷம் லேட்டுன்னு சொன்னேன் சார்."

அவர் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். பூட்டு ரிப்பேர், முட்டை மொத்த வியாபாரம், பழைய இரும்பு என்று பக்கம் பக்கமாக ஒரு ஊரே இழுத்துக்கொண்டு நின்றது. காலியைத் திருப்பி அனுப்புவதாக இருந்தால், கிடங்கு ஏற்கெனவே ரசீது போட்டுவிட்டதே, அந்த ரசீதை யார் ரத்து செய்வது, எந்த விதியின் கீழ் என்று அவர் தன்னிடமே கேட்டுக்கொண்டார். பிறகு மணி பார்த்தார்.

"நாலு மணி வண்டி நேரத்துக்குக் கிளம்புமா?"

"நான் சொன்னா கிளம்பும் சார்."

"ஒரு பெட்டியில தொண்ணூறு இருக்கும். பெட்டியைப் பிரிக்க எனக்கு அதிகாரமில்லை. ரெண்டு பெட்டி அனுப்பவும் அதிகாரமில்லை. ஒரு பெட்டி அனுப்பலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மைக் அக்கா விரல்விட்டு எண்ணினார். தொண்ணூறில் பதினொருவருக்குப் பதினொன்று. மீதி எழுபத்தொன்பது. தன் எண் எண்பத்து நான்கு.

அதிகாரி போனதும் அவர் மருந்தாளுநரைப் பார்த்தார். "தம்பி, சாக்கைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நீங்கதான்க்கா. காலி கொண்டுவந்தது நீங்க. ஆனா வரிசை அவங்களோடது." சொல்லிவிட்டுப் பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். எங்கே கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் சாவியைச் சட்டைப் பையில் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார்.

பெட்டி வந்தது. பதினொருவர் பெருமிதமாக வந்து தங்கள் பங்கை வாங்கிப் போனார்கள், ஒருவர் மட்டும் "இனிமே எங்களைத் தொண்ணூறு பேருன்னா சொல்வாங்க?" என்று வருத்தப்பட்டார். மீதிப் பேருக்குக் கடிதம் போட மருந்தகத்தில் தபால் தலை இல்லை. ஊரில் எல்லார் காதிலும் விழுவது பேருந்து நிலைய மைக் ஒன்றுதான். ஆகவே முறை இப்படி முடிவானது: மூன்று நாட்கள், காலையும் மாலையும், எழுபத்தொன்பது பேரையும் மைக்கில் கூப்பிட வேண்டும். மூன்றாம் நாள் ஐந்து மணிக்குள் வராதவர் இடம் அடுத்த எண்ணுக்குப் போகும்.

கூப்பிட வேண்டியவர் மைக் அக்கா. யாருக்குக் கேட்காமல் போகிறதோ அத்தனை படி அவர் முன்னால் நகர்வார். ஐந்து பேருக்குக் கேட்காமல் போனால் போதும். மேலாளர் சொன்ன வருஷக் கடைசிக்கு இன்னும் ஒரு மாதம்தான். அடுத்த பெட்டிக்கு மூன்று மாதம்.

"மெதுவாப் படி" என்றார் கணவர், முதல் நாள் காலையில். "ஏழாம் நம்பர் வண்டி ஸ்டார்ட் பண்ணும் பாரு, டமடமன்னு, அப்ப ஒரு பத்துப் பேரைப் படிச்சுடு. நீ படிச்சேதான். பொய்யில்லை."

"வாயை மூடுங்க."

"எண்பத்து மூணு வரைக்கும் வந்தாலே போதும்னு வச்சுக்கயேன்."

"எண்பத்து மூணு வந்தா எனக்கென்ன ஆச்சு? நான் எண்பத்து நாலு."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று அவர் டயரைக் கழற்றப் போய்விட்டார்.

நாத்தனார் வேறு வந்து, அந்த பம்ப் பழகிவிட்டால் விடாது, தனக்குத் தெரிந்த ஒருத்தி தூங்கும்போதுகூட அதை விடவில்லை என்றார். "அது கிடைச்சாதானே அண்ணி பழகறதுக்கு" என்று மைக் அக்கா படியேறினார்.

ஏழாம் நம்பர் வண்டியின் சத்தம் ஓயும்வரை காத்திருந்து படித்தார். ஒவ்வொருவரையும் இரண்டு முறை. மூச்சு வாங்கிய இடத்தில் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "பூட்டு ரிப்பேர், கிழக்கு வாசல். பூட்டு ரிப்பேர், கிழக்கு வாசல்." பூட்டுக்காரர் சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். முதல் நாள் ஐம்பது பேர். இரண்டாம் நாள் பத்தொன்பது பேர். முட்டை வியாபாரி வரும்போது, அக்கா தொண்டைக்கு என்று இரண்டு முட்டை மேலே கொடுத்தனுப்பினார். எண் பன்னிரண்டின் ஆள் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று தகவல் வந்தது. அக்காவின் மனம் ஒன்று என்று எண்ணியது. எண்ணியதற்காக வெட்கப்பட்டு, அந்த வரியை மூன்றாவது முறையும் வாசித்தார்.

மூன்றாம் நாள் மதியம் அவருக்கே இழுப்பு வந்துவிட்டது. மாத்திரை போட்டார். குவளை ஆடியது. நாலரை மணிக்கு மருந்தாளுநரிடமிருந்து சீட்டு: இன்னும் வராதவர்கள் ஐந்து பேர். சரியாக ஐந்து.

கடைசி அழைப்பு. ஐந்தையும் வாசித்தார். ஐந்தாவது: "இஸ்திரிக் கடை, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம்." இரண்டாவது முறை வாசிக்கும்போதுதான் உறைத்தது. மேம்பாலத்துப் பக்கம் திரும்பியிருக்கும் ஒலிபெருக்கி போன மாதமே பழுது. ஆள் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இஸ்திரிக்காரம்மா மூன்று நாளாக ஒரு வார்த்தையும் கேட்டிருக்க முடியாது. இதை ஊரில் வேறு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். யாரும் கேட்கப்போவதும் இல்லை.

மைக் அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். பிறகு வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நல்லவேளை, மைக் அணைந்திருந்தது. அதைத் திறந்தார்.

"ஒன்பதாம் நம்பர் டிரைவர் அண்ணன் கவனத்துக்கு. மேம்பாலம் தாண்டினதும் இஸ்திரிக் கடை முன்னாடி வண்டியை நிறுத்துங்க. அந்தம்மாவை உடனே மருந்தகத்துக்கு வரச் சொல்லுங்க. எதிர்த்தாப்புல வர்ற நாலாம் நம்பர்ல ஏத்தி அனுப்புங்க. டிக்கெட் கேக்க வேண்டாம்."

நாலு ஐம்பத்தாறுக்கு இஸ்திரிக்காரம்மா நாலாம் நம்பர் வண்டியிலிருந்து இறங்கினார். கையில் இன்னும் சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டி. கூட்டம் தானாக வழிவிட்டது. ஜன்னல்வழியாக மைக் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தம்மா சாலையைத் தாண்டி உள்ளே போனதும் நாற்காலியில் சாய்ந்தார். வராதவர் நான்கு. அந்த இடங்கள் எண்பது, எண்பத்தொன்று, எண்பத்திரண்டு, எண்பத்து மூன்றுக்குப் போகும். அவ்வளவுதான். ஒரே ஒரு எண்.

ஐந்து மணிக்கு மருந்தாளுநரின் அடுத்த சீட்டு வந்தது. இந்த நான்கு பேரையும் கூப்பிடவும், ஆறு மணிவரை நேரம். அக்கா மைக்கைத் திறந்தார். "எண்பது, செருப்புத் தைப்பவர், மூன்றாம் மேடை. எண்பத்தொன்று, மின்சார ரிப்பேர், சந்தை. எண்பத்திரண்டு, தச்சர், பள்ளிக்கூடத்துச் சந்து. எண்பத்து மூன்று, பஞ்சர் கடை, பேருந்து நிலையம் பின்..."

பிறகு எல்லா ஒலிபெருக்கியிலும், பழுதான ஒன்றைத் தவிர, "என்னங்க?" என்று கேட்டது.

அவர் மருந்தகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கணவர் கவுண்டருக்கு முன்னால் நின்று இருமிக்கொண்டிருந்தார். நல்ல, ஒத்திகை பார்த்த இருமல்.

"உங்களுக்கு எப்ப வீசிங் வந்துச்சு?" என்றார் மைக் அக்கா.

"உனக்கு வாங்கித் தரத்தான். நீ போய் எழுதறதுக்கு மூணு நாள் முன்னாடி நான் வந்து எழுதிட்டேன். டாக்டர்கிட்ட மூச்சு வாங்குதுன்னேன், தலையைத் தூக்காம எழுதிக் குடுத்தார்."

"ஒன்றரை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலை."

"சொன்னா சீட்டைக் கிழிச்சிருப்பே."

"உங்களாலதான் நான் எண்பத்து நாலு. இல்லாட்டி எண்பத்து மூணு. தெரியுமா உங்களுக்கு?"

கணவர் இதை யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மருந்தாளுநர் தொண்டையைச் செருமினார். முதல்முறை வாங்குகிறவர் ஒரு குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். எவ்வளவு ஊத முடிகிறது என்று அதிலிருக்கும் சிவப்பு முள் சொல்லும். அதை நீட்டினார். கணவர் பலவீனமாக ஊத முயன்றார். ஆனால் அவருக்கு அப்படி ஊதிப் பழக்கமில்லை. முள் கடைசிக் கோட்டில் போய் டக்கென்று இடித்து நின்றது. வரிசையில் இருந்த தச்சர், "கம்ப்ரசர் தோத்துது" என்றார்.

"இவருக்கு ஒண்ணுமே இல்லை" என்றார் மருந்தாளுநர், அவமானப்பட்டவரைப் போல. தன் பதிவேட்டில் ஒரு போலி.

"சரி, என்னோடதை இவளுக்குக் குடுத்துடுங்க."

"மாத்திக் குடுக்க முடியாது."

"அப்ப என் பேரை அடிச்சுடுங்க."

வாழ்நாளில் முதல்முறையாக மருந்தாளுநர் தன் பதிவேட்டில் ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு அடுத்த வரியில் விரலை வைத்து, சுற்றி நின்ற எல்லாரும் கேட்கும்படி வாசித்தார்: "எண்பத்து நாலு. மைக், பேருந்து நிலையம்."

மைக் அக்கா குழாயில் ஊதினார். முள் முதல் கால்பங்கைத் தாண்டவில்லை. மருந்தாளுநர் முள்ளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு காத்தை வச்சுக்கிட்டா அக்கா இருபத்திரண்டு நிறுத்தம் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் பழுப்பு பம்ப்பை எடுத்துக் கையில் வைத்தார். குலுக்கணும், மூச்சை முழுக்க வெளியே விடணும், வாயில் வைத்து அமுக்கிக்கொண்டே மெதுவாக இழுக்கணும், பத்து எண்ணும்வரை உள்ளேயே பிடிக்கணும். "பேசக்கூடாது" என்று அழுத்திச் சொன்னார். இழுத்ததும் எண்ண ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கணவருக்கு இப்படி ஒரு வாய்ப்பு அமைந்ததில்லை. மூன்றிலிருந்து ஆறுக்குள் தான் செய்ததில் கெட்ட எண்ணம் இல்லை என்பதையும், ஆறிலிருந்து எட்டுக்குள் அன்று பஞ்சர் கடையை விட்டுவிட்டு டாக்டர் சீட்டுக்கு நாள் முழுக்க வரிசையில் நின்றதையும், எட்டிலிருந்து ஒன்பதுக்குள் நாத்தனார் சொன்னதையெல்லாம் நம்ப வேண்டாம் என்பதையும் சொல்லி முடித்தார். மருந்தாளுநர் பத்து என்றபோது அவர் கதவைத் தாண்டியிருந்தார்.

மருந்து வேலை செய்ய இரண்டு வாரம் பிடித்தது. வருஷக் கடைசி நாளன்று மேலாளர் தன் அறையில் கைக்கடிகாரத்தை மேசைமேல் கழற்றி வைத்துக்கொண்டு, நீண்டதூர வண்டியின் அறிவிப்பைக் கேட்டார். இருபத்திரண்டு நிறுத்தமும் வந்தன, வரிசையாக, ஒரே சீராக. கேட்டு முடித்ததும் கழிப்பறை டோக்கன் கவுண்டருக்கு வேறு ஆள் வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார்.